புங்க மரத்தடியில் நின்ற வண்டி

சேகர் கடை வாசலில் வந்து நின்றபோது ரேடியேட்டர் ஹோஸ் வாங்க வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். எங்கள் தெருச் சங்கம் நடத்தும் அமரர் ஊர்தியின் இரண்டாவது ஓட்டுநர் அவன். அவன் வந்தாலே வண்டியில் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது என்று பொருள். "இன்னாப்பா, மேல் ஹோஸா, கீழ் ஹோஸா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன். அவன் கண்ணாடி மேசை மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"கச்சபேசன் அண்ணன் பூட்டாருண்ணா. காத்தால டீ குட்சிட்டு கொஞ்ச நேரம் படுக்கறேன்னாராம். எழுந்துக்கவே இல்ல."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். முந்தின நாள் மாலைதான் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு நாளில் ஒரு முக்கியமான வேலையை முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் வந்து நின்ற மனிதர், இந்த ஒரு வேலையை மட்டும் பாதியில் விட்டுப் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடையை அப்படியே சாத்திவிட்டு சேகருடன் கிளம்பினேன்.

அவரைத் தெரியாதவர்கள் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். அவரைத் தெரிய வேண்டுமானால் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்க வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருக்களில் யார் இறந்தாலும் வேகவதிக் கரை மயானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கச்சபேசன் அவர்கள். உயரமான மனிதர். எப்போதும் முழுக்கைச் சட்டை போடுவார். எஞ்சின் சூட்டில் வெந்துபோன முன்கைகள் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த முழுக்கை என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. நான் வண்டிகளுக்கு ரப்பர் ஹோஸ், கிளிப், பெல்ட் விற்கிறவன். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

முதலில் அவர் லாரி ஓட்டுநராக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய தாயார் காலமானார். சங்கம் அப்போதுதான் ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, பின்பக்கத்து இருக்கைகளைக் கழற்றி, கண்ணாடி வைத்து, அமரர் ஊர்தியாக மாற்றியிருந்தது. அந்த வண்டியில் தாயாரைக் கொண்டுபோனார்கள். மார்க்கெட் அருகே போகும்போது வண்டி கொதித்துவிட்டது. முன்னாலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்ப, அப்போதைய ஓட்டுநர் இறங்கி ஓடிப்போய்த் தள்ளி நின்றுகொண்டார். நல்ல உச்சி வெயில். மாற்று வண்டி வரும்வரை அந்த அம்மாள் கத்தரிக்காய்க் கூடைகளுக்கும் லாரி ஹாரன்களுக்கும் நடுவே கண்ணாடிக்குள் கிடந்தார். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனார். அந்த ஒருவரின் சட்டை நிறத்தைக்கூடக் கச்சபேசன் அவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

காரியம் முடிந்ததும் சங்கத்துக்குப் போனார். "அந்த வண்டிய எங்கிட்ட குடுங்க. லாரிய விட்டுடறேன்" என்றார். சங்கத்தில் இருந்தவர்கள் துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தார்கள். மறுநாளும் போய் அதையே கேட்டார். "எங்கம்மா நடுரோட்ல கெடந்தாங்க. இனி யாரும் அப்படிக் கெடக்கக் கூடாது. அவ்ளோதான்" என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். ரேடியேட்டரோ மூக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போக நீளமான குழாய்கள். அவற்றைச் செய்தவர்கள் பாதியை ரப்பரிலும் பாதியைப் பிளாஸ்டிக்கிலும் செய்திருந்தார்கள். வருஷக்கணக்கில் வெந்நீர் ஓடி ஓடி அந்தப் பிளாஸ்டிக் அப்பளம்போல் ஆகிவிட்டிருந்தது. மற்ற வண்டிகள் ஓடும்; முகத்தில் காற்று அடிக்கும்; எஞ்சின் குளிரும். சாவு வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாரை தப்பட்டைக்குப் பின்னால், நடக்கிறவர்கள் வேகத்தில், வெயிலில் ஊர்ந்து போக வேண்டும். கோயில் உற்சவ நாளாக இருந்துவிட்டால் அந்த ஊர்தலும் கிடையாது, நின்று நின்றுதான் போக வேண்டும். தெரு முனை தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கிவிடும்.

புதுப் பிளாஸ்டிக் குழாய் எங்கும் கிடைக்கவில்லை. நான் சென்னையில் தேடாத கடை இல்லை. ஆகவே இருப்பதை உடையாமல் காப்பாற்றுவது அவர் வேலையாயிற்று. ஹோஸை மாற்ற வேண்டியிருந்தால் பிடித்து இழுக்கவே மாட்டார். பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல்போல உரித்தெடுப்பார். "ஹோஸ் போனா உன் கடையில இருக்குது. பைப்பு போனா நான் எங்க போவேன்?" என்பார். புது ஹோஸின் வாயை வெந்நீரில் நனைத்து இளக்கி, சோப்புத் தண்ணீர் தொட்டு, மெல்லத் திருகி ஏற்றுவார். கிளிப்பை இறுக்குவதில் அவருக்கும் எனக்கும் ஓயாத சண்டை. ஒழுகக் கூடாது என்று நான் இன்னொரு சுற்று இறுக்கச் சொல்வேன். "நீ விக்கிறவன், உனக்கு கிளிப்புதான் கண்ணுக்குத் தெரியும். உள்ள இருக்கிறது பிளாஸ்டிக்குபா, கழுத்த நெரிக்காத" என்று என் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிக்கொள்வார்.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காலையில் என் கடைக்கு வந்தால் நேராக உள்ளே வர மாட்டார். எதிர்ச்சாரியிலேயே நின்று, "போணி ஆச்சா?" என்று கேட்பார். முதல் வியாபாரம் ஆவதற்கு முன் சாவு வண்டிக்காரர் படியேறினால் கடைக்காரனுக்கு மனசு சுருங்கும் என்று அவருக்குத் தெரியும். கல்யாண வீடுகளுக்கும் அவர் பந்தி முடிகிற நேரத்தில்தான் போவார். பந்தல் காலோரம் நின்று மொய் வைத்துவிட்டு, தாம்பூலம்கூட வாங்காமல் திரும்பிவிடுவார். யாரும் அவரை வராதே என்று சொன்னதில்லை. வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்ததுமில்லை. போணி ஆகாத நாளிலும் "ஆச்சு, ஆச்சு, வாங்க" என்றே நான் சொல்லி வந்தேன். நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். மேசையைத் தொடாமல் ஸ்டூலின் நுனியில் உட்காருவார்.

இனி, புங்க மரத்து விஷயம். இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். "நான் பூட்டப்புறம் வேணா சொல்லிக்கோ" என்று அவரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார். இன்னொருவருடைய சம்மதமும் வேண்டியிருந்தது. அது கிடைத்தது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் முனுசாமி என்று ஒரு நெசவாளர். அவருக்கு ஒரே மகள், கற்பகம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். காய்ச்சலில் படுத்தாள், போய்விட்டாள். வைகாசி வெயிலில் ஊர்வலம் கிளம்பியது. வண்டிக்கு முன்னால் முனுசாமி கொள்ளிச் சட்டியுடன் வெறுங்காலில் நடந்துகொண்டிருந்தார். வழியில் வண்டி மக்கர் செய்தால் கைகொடுக்க, வழக்கம்போல நான் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். மயானத்துக்குத் திரும்பும் முனையில் குழாயடியும் அதன் பக்கத்தில் ஒரு புங்க மரமும் இருக்கின்றன. அதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் காலடியில் டப்பென்று ஒரு சத்தம். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் கொதித்து, வெல்லப் பாகு காய்வதுபோன்ற சூடான வாடை வந்தது. நான் கச்சபேசன் அவர்களைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அம்மா" என்றார். அவர் கூப்பிட்டது மார்க்கெட்டில் கிடந்த தன் தாயாரை என்று எனக்குப் பட்டது.

வண்டியை எப்படியோ மரத்தடி நிழல்வரை உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி நேராக முனுசாமியிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். வண்டி கெட்டுவிட்டது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஐயா, கொழந்த இவ்ளோ வெயில்ல வந்துக்கினு இருக்குது. தாகமா இருக்கும். இங்க கொஞ்சம் நிறுத்தி, ஒரு சொம்பு தண்ணி வெச்சு, கற்பூரம் ஏத்திட்டுப் போலாம்" என்றார்.

முனுசாமி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். தப்பட்டை நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சொம்பு கொண்டுவந்தார்கள். குழாயில் பிடித்து, வண்டியின் பின்பக்கம், அந்தப் பெண்ணின் காலடியில் தரையில் வைத்தார்கள். அதுவரை இறுகிப்போயிருந்த முனுசாமி அந்தச் சொம்பைப் பார்த்ததும் உடைந்து அழுதார். "குடிம்மா, குடிச்சிட்டுப் போம்மா" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

முன்பக்கம் நாங்கள் இருவரும் இருக்கையைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே குனிந்திருந்தோம். ரப்பர் ஹோஸ் ஏறும் இடத்தில் பிளாஸ்டிக் குழாயின் கழுத்து விரிசல் விட்டிருந்தது. கச்சபேசன் அவர்கள் ஈரக் கோணியை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, மெல்லத் திருகி ஆவியை வெளியே விட்டார். சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து வெடிப்பின்மேல் இழுத்துச் சுற்றினார். அதன்மேல் பட்டு நூல். அவருடைய மனைவி தறியில் இருக்கிறவர்; அறுந்து விழும் நூலையெல்லாம் சேர்த்து முறுக்கி, நூல்கண்டாக்கி, இவருடைய கருவிப் பெட்டியில் எப்போதும் வைத்திருப்பார். கம்பி பிளாஸ்டிக்கை அறுத்துவிடும், பட்டு அறுக்காது, வெந்நீருக்கும் அசையாது என்பது அவர் கணக்கு. கொதிக்கும் குழாயை நான் துணியால் பிடித்துக்கொள்ள, அவர் வெறுங்கையால் சுற்றினார். சட்டைக்கை மேலேறியது. முன்கைத் தழும்புகளை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இருந்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஆச்சு, ஆச்சு" என்று அவளிடம் பேசிக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

வண்டியைக் கிளப்பி, ஓடவிட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே அழுத்தம் ஏறாமல் மூடியைத் தளர்வாக வைத்தார். மயானம்வரை வண்டி நிற்கவில்லை.

அத்துடன் முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அடுத்த மாதம் வேறொரு வீட்டில் சாவு. புங்க மரத்தை நெருங்கும்போது அந்த வீட்டு மருமகன் ஓடிவந்து, "முனுசாமி பொண்ணுக்கு தண்ணி வெச்சீங்களாமே, எங்க மாமாவுக்கு வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். என்ன சொல்ல முடியும்? நிறுத்தினார். அதற்கடுத்த வீடு, அதற்கடுத்த தெரு. ஐயம்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம், "உங்க பக்கத்துல தாகத்தண்ணி வெப்பாங்களாமே" என்று வீட்டிலிருந்தே சொம்பைக் கொண்டுவந்தது. அந்த நிறுத்தத்துக்குத் தாகத்தண்ணி என்று ஒரு பேரும் வந்துவிட்டது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், இது தன் தாத்தா காலத்திலேயே உண்டு, நடுவில் விட்டுப்போயிற்று என்று என்னிடமே அடித்துச் சொன்னார்.

வண்டிக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. அந்த நிழலில் எஞ்சின் கொஞ்சம் ஆறும். யாரும் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் கச்சபேசன் அவர்கள் நாளுக்கு நாள் சுருங்கிப் போனார். முனுசாமி தெருவில் எதிர்ப்பட்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவார். ஒருநாள் என் கடையில் திடீரென்று சொன்னார்:

"பெத்த புள்ளையப் பறி குடுத்தவன்கிட்ட, வண்டி ஒழுகறத மறைக்க கத கட்டிட்டேன்பா. அத நம்பிக்கினு அவுரு ஒவ்வொரு வருஷமும் அவ செத்த அன்னிக்கு அந்த மரத்தாண்ட தண்ணி வெச்சிக்கினு இருக்காரு. நான் இன்னா பண்ணியிருக்கேன் பாரு."

"நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றேன்.

"நல்லதுக்கு சொன்னாலும் பொய்யிதானே. என் மானத்தக் காப்பாத்திக்க சொன்னனா, அவ மானத்தக் காப்பாத்த சொன்னனா, எனக்கே தெரியலியே."

போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் அவருக்கே உரியது. "ஒழுகற வண்டிய வெச்சிக்கினு மன்னிப்பு கேக்கக் கூடாது. மொதல்ல வண்டி நிக்காம போவட்டும். அப்புறம் போறேன்."

அந்த நாள் வருவதற்கு வருடங்கள் ஆயின. பிளாஸ்டிக் குழாய் ஒவ்வோர் இடமாக விட்டுக்கொண்டே வந்தது; அவரும் டியூபும் பட்டு நூலுமாக ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பித்தளையில் செய்வது என்று முடிவு செய்தார். உடைந்த துண்டுகளை அளவுக்கு வைத்துக்கொண்டு, ஒரு லேத்துப் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கடைந்து வாங்கினார். அளவு சேராமல் திருப்பிக் கொடுத்தவை எத்தனையோ. சென்ற வாரம் பிளாஸ்டிக் முழுவதையும் கழற்றிவிட்டுப் பித்தளையை ஏற்றி, என் கடையிலிருந்து புது ஹோஸ்களை எடுத்துப்போய் மாட்டினார். மறுநாள் வெறும் வண்டியைத் தென்னேரிவரை மெதுவாக ஓட்டிப் போய், ஏரிக்கரையில் எஞ்சினை அணைக்காமல் வெகுநேரம் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்கடுத்த நாள்தான் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். அன்று நுனியில் உட்காரவில்லை, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு சொட்டு இல்லபா. முள்ளு அப்படியே நடுவுல நிக்குது. ரெண்டு நாள்ல போய் முனுசாமிகிட்ட சொல்லிடறேன். திட்டினா திட்டட்டும்" என்றார்.

போகும்போது அவர் முகத்தில் நான் பார்த்த தெளிவை இதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் காலையில்தான் சேகர் வந்து நின்றான்.

பித்தளைக் குழாய் போட்ட பிறகு அந்த வண்டி ஏற்றிய முதல் உடல் அவருடையது. சேகர் ஓட்டினான். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். கூட்டம் எக்கச்சக்கம், எங்கள் தெருக்களில் அவர் கொண்டுபோய்ச் சேர்க்காத வீடு எது? ஊர்வலம் எறும்பாக ஊர்ந்தது. முள் நடுவிலேயே நின்றது. அவர் இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

புங்க மரம் வந்தது. சேகருக்கு அந்த நிறுத்தம் சடங்கு என்றுதான் தெரியும்; அந்த நேரத்தில் எஞ்சினையும் ஆறவிடுவது அவன் வழக்கம். அன்று பிரேக்கில் கால் வைக்காமல், "ஹீட்டே ஏறலண்ணா. அண்ணனுக்கும் நிறுத்தணும் இல்ல?" என்று கேட்டான். நான் தயங்கினேன். நிறுத்தத் தேவையில்லாத ஒரு வண்டிக்காகத்தானே அவர் இத்தனை பாடுபட்டார். நேராகப் போகச் சொல்ல வாயெடுத்தபோது, மரத்தடியில் முனுசாமி நின்றிருந்ததைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் சொம்பு இருந்தது.

"நிறுத்து" என்றேன்.

முனுசாமி வண்டியின் பின்பக்கம் போய்ச் சொம்பைத் தரையில் வைத்தார். கற்பூரம் ஏற்றினார். "கச்சபேசா, எல்லாரையும் கொண்டாந்து வுட்டியே, நீயும் ஒரு வாய் குட்சிட்டுப் போப்பா" என்றார். பிறகு என் ஜன்னலோரம் வந்தார். நான் இறங்கி நின்றேன். அவர் சொல்லாமல் விட்டுப்போனதை நானாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "ஐயா, அன்னிக்கு கற்பகத்த எடுத்தாந்தப்போ…" என்று தொடங்கினேன்.

"பைப்பு ஒடைஞ்சுது. தெரியும்பா" என்றார் முனுசாமி.

நான் வண்டியின் மூக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வெறுங்கால்ல முன்னாடி நின்னுக்கினு இருந்தேன். சுடுதண்ணி என் கால்லயே வந்து பட்டுச்சு. உள்ள குனிஞ்சிக்கினு நீங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணீங்கன்னும் பாத்தேன்."

"அப்போ ஏன்யா ஒண்ணும் கேக்கல?"

"இன்னாத்தக் கேக்கறது? வண்டி பூட்டுதுன்னு அவுரு சொல்லியிருந்தா என் பொண்ணு நடுரோட்ல கெடந்தான்னு ஆயிருக்கும். தாகத்துக்குத் தண்ணி குட்சிட்டுப் போனான்னு ஆக்கிக் குடுத்தாரு. அத எதுக்கு நான் ஒடைக்கணும்?" மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னப் பாத்தா வேற சந்துல பூடுவாரு. எம்மேல இன்னா வருத்தமோன்னு இத்தினி வருஷம் நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு தபா கூப்ட்டுக் கேட்டிருக்கலாம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அங்கேயே நான் அழுதேன். இன்னும் இரண்டு நாள் அவர் இருந்திருந்தால் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார். பத்து வருடத்துக்கு முன்பே முனுசாமியிடம் போயிருந்தாலும் கேட்டிருப்பார். ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் நினைத்து இருவருமே வருந்தியிருக்கிறார்கள். இதை எழுதட்டுமா என்று மறுநாள் முனுசாமியிடம் கேட்டேன். "எழுது. ஆனா தண்ணி வெக்கிறத நிறுத்த வேணாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

சேகர் வண்டியைக் கிளப்பினான். தப்பட்டை மறுபடி தொடங்கியது. நான் ஏறவில்லை, பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்காமல், வண்டி நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். முனுசாமியின் சொம்பைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் இருந்தது. மற்றபடி புழுதி அப்படியே காய்ந்து கிடந்தது.

ஒரு சொட்டு இல்லை, கச்சபேசன். வழியில் எங்கும் நிற்காமல் போய்ச் சேருங்கள்.